கேரளம் என்னும் பெயரும் எல்லைப்புறத் தமிழரின் உரிமையும்

அரசமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 'கேரளா' என்று இருக்கும் மாநிலத்தின் பெயரைக் 'கேரளம்' என்று மாற்ற வேண்டும் எனக் கேரள சட்டமன்றம் 2024 ஜூன் 24 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. முதல்வர் பினராயி விஜயன் அதை முன்மொழிந்தார். 2023 ஆகஸ்ட் 9 அன்று இதே நோக்கில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. அதில் சில சட்ட நுணுக்கத் திருத்தங்கள் தேவைப்பட்டதால் சட்டமன்றம் இரண்டாம் முறையும் இப்பொருளை எடுத்துக்கொண்டது. மலையாளத்தில் மக்கள் தம் நாட்டைக் கேரளம் என்றே அழைக்கிறார்கள்; 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியில் பிறந்த மாநிலத்துக்கு அந்த மொழியில் வழங்கும் பெயரே சட்டத்திலும் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கையின் சாரம். அதன் நியாயத்தில் ஐயத்திற்கு இடமில்லை.

தமிழைப் பொறுத்தவரை இது புதிய பெயருமன்று. 'கேரளம்' என்பதே தமிழ் எழுத்து மரபு. 'கேரளா' என்னும் வடிவம் ஆங்கிலத்தின் வழியே பிற்காலத்தில் செய்தித்தாள்களில் புகுந்தது. ஆயினும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் பேசும் உழைப்பாளிக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். மலையாளியின் தாய்மண் என்ற பொருளில் உயரும் இந்தப் பெயருக்குள் தன் இடம் எது? அந்தக் கேள்விக்கு இடதுசாரி இயக்கம் நேராக விடை சொல்ல வேண்டும். விடைக்கான தொடக்கம் பெயரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பெயரின் வேர்

கேரளத்தின் பெயர் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு. தன் ஆட்சி எல்லைக்கு வெளியே தெற்கில் இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என நால்வரை அது குறிப்பிடுகிறது. கிர்நார்ப் பாறையில் இப்பெயர் 'கேதலபுதோ' என்றே வெட்டப்பட்டுள்ளது. இவற்றுள் சதியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விளங்காத புதிராக இருந்தது. பலர் பலவாறு ஊகித்தனர். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று குறிப்பிட்டு அந்தப் புதிரை அவிழ்த்தது. பெயராய்ச்சியில் விருப்பத்துக்கு இடமில்லை, சான்றுக்கே இடமுண்டு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கேரளபுத்திரர் என்பது சேரரைக் குறிப்பது. சேரல், சேரலர் என்னும் வடிவங்களோடு கேரளம் என்னும் சொல்லைப் பொருத்திப் பார்க்க ஒலியியல் துணைநிற்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் இகர, எகர ஒலிகளுக்கு முன் நிற்கும் சகரம், கன்னடத்தில் ககரமாக இருப்பது திராவிட மொழியியல் நிறுவிய உண்மை. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் செம்மை, கன்னடத்தில் கெம்பு. இவ்வகையில் சேரமும் கேரமும் ஒரே சொல்லின் இரு ஒலிப்புகள் என்பதை மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். தென்னையைக் குறிக்கும் 'கேரம்' என்னும் சொல்லிலிருந்து கேரளம் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்பதற்கு இனிமையானது, ஆனால் அசோகர் கல்வெட்டிலும் கிரேக்க, இலத்தீன் நூல்களிலும் இப்பெயர் ஓர் அரச மரபின் பெயராகவே வருகிறது.

இனி, அந்தச் சேரர் எங்கே இருந்தனர்? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, 'கேரோபோத்ரோஸ்' மன்னனின் இருப்பிடம் 'கரூரா' என்று எழுதினார். கரூருக்கு அருகே புகளூரில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், இரும்பொறை மரபின் மூன்று தலைமுறைச் சேர மன்னர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்துள்ளன. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தையும் கொங்கு நாட்டின் கரூரையும் இணைத்த வழி, மேற்குத் தொடர்ச்சி மலை பிளவுபட்டு வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய்தான். மிளகும் மணிக்கல்லும் அவ்வழியே போயின. மக்களும் மொழியும் பெயர்களும் அவ்வழியே வந்தும் போயும் கலந்தன. இன்று வேலந்தாவளத்திலும் கோவிந்தாபுரத்திலும் சோதனைச் சாவடி இருக்கும் அந்த நிலப்பகுதி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே அரசின் நடுப்பாதையாக இருந்தது.

அயலார் இட்ட பெயர்கள்

மற்றப் பெயர்களும் இதே கதையைத்தான் சொல்கின்றன. 'மலபார்' என்பதில் முன்பாதி மலை. பின்பாதி அரபு, பாரசீக வணிகர் சேர்த்தது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கிரேக்கப் பயணி 'மலே' என்று எழுதிய நாட்டை, பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி 'மலபார்' என்றார். சோழர் கல்வெட்டுகளில் அது மலைநாடு, மலைமண்டலம். போர்த்துகீசியர் வந்தபின் அச்சொல் இன்னும் விரிந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் மொழியை அவர்கள் 'மலபார்த் தமிழ்' என்றே குறித்தனர். இலங்கைத் தமிழரை டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் 'மலபாரிகள்' என்றே ஆவணங்களில் எழுதினர். தமிழனின் பெயர் மலபாரியாகவும், மலையாளியின் அரச மரபுப் பெயர் கரூர்ப் பாறையிலுமாக இருந்த காலம் அது.

தெற்கே ஆண்ட அரசின் பெயரையும் பார்க்கலாம். திருவிதாங்கூர் என்னும் பெயருக்கு மூலமான திருவிதாங்கோடு, தக்கலைக்கு அருகில் உள்ள ஊர். 1956இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு அது தமிழகத்துக்கு வந்துவிட்டது. ஒரு சமஸ்தானத்தின் பெயரைத் தாங்கிய ஊர் ஒரு மாநிலத்திலும், அச்சமஸ்தானத்தின் பெரும்பகுதி மற்றொரு மாநிலத்திலும் இருக்கின்றன. நிர்வாக வசதிக்காக வரைந்த கோடு பெயர்களின் வேரைத் தொடுவதில்லை. ஆகவே, பெயரின் பழமையைக் காட்டி இந்த மண் எவருக்கு மட்டுமே உரியது என்று வாதிடுபவர், எந்தப் பக்கம் நின்று வாதிட்டாலும், சான்றுகளால் தோற்கடிக்கப்படுவார்.

தொன்மமும் நிலப்பட்டாவும்

கேரளத்தின் தோற்றம் பற்றி இன்னொரு கதையும் உண்டு. பரசுராமன் தன் கோடரியை வீசிக் கடலிலிருந்து நிலத்தை மீட்டு, அதை அந்தணருக்குத் தானமாகக் கொடுத்தான் என்பது 'கேரளோற்பத்தி' சொல்லும் கதை. நிலவியல் தேடி அதைப் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நிலவுடைமை தேடிப் படிப்பவருக்கு எல்லாம் கிடைக்கும். கடலிலிருந்து வந்த நிலம் என்றால் அதற்கு முன் அங்கே எவரும் வாழ்ந்திருக்க முடியாது. தானமாகப் பெற்றது என்றால் ஜன்மியின் உடைமையை எவரும் கேள்வி கேட்க முடியாது. அதாவது அந்தத் தொன்மம் ஒரு நிலப்பட்டா. அந்தப் பட்டாவைக் கிழித்தவர்கள் மலபாரின் குடியானவர்கள். 1957 ஏப்ரல் 5 அன்று பொறுப்பேற்ற முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை ஆறே நாட்களில் குடிவெளியேற்றத்தைத் தடை செய்யும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தம் ஜன்மி முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. கேரளம் என்ற சொல்லுக்கு இன்றைய உள்ளடக்கத்தைக் கொடுத்தது இந்தப் போராட்டமே.

எனினும் அந்தச் சட்டம் ஏறாத மலைகள் இருந்தன. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சமவெளியின் குடிகிடப்புக்காரர் தம் குடிசை நின்ற மண்ணுக்கு உரிமையாளரானார்; மலையின் தோட்டத் தொழிலாளி லயத்திலேயே தங்கினார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசுவோரும், அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகளும் ஆவர்.

மலைகளின் பெயர்கள்

அம்மலைகளின் பெயர்களே அங்கு வாழ்ந்தோரின் வரலாற்றைச் சொல்லும். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. பீர் முகமது என்னும் சூஃபி ஞானியின் பெயரால் பீர்மேடு அமைந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பெற்ற மலைநிலம் 'கண்ணன் தேவன் மலைகள்' என்றே ஆவணத்தில் பதிவானது. பூஞ்ஞாறு மரபினரோ தம்மைப் பாண்டியர் வழியினராகச் சொல்லிக்கொள்பவர்கள். இடமலைக்குடியில் 2010இல் தனி ஊராட்சி பெற்ற முதுவர்கள், தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்கிறார்கள். தோட்ட முதலாளிகள் இவை அனைத்தையும் 'ஹை ரேஞ்ச்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினார்கள்.

1955இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் இருக்கப் பரிந்துரைத்தது. அங்கே தமிழர் மிகுதியாக இருப்பதைத் தோட்டங்களுக்கு வந்து போகும் தொழிலாளரோடு அது தொடர்புபடுத்தியது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகம் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் கேரளத்தில் நின்றன. எல்லை எங்கே என்னும் விவாதம் அத்துடன் முடிந்தது. அதை மீண்டும் திறப்பதால் உழைக்கும் மக்களுக்கு எந்த நன்மையும் இல்லை. முல்லைப் பெரியாறு பிரச்சனையில் 2011 டிசம்பரில் இருபுறமும் வெறுப்பு மூட்டப்பட்டபோது, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்களும் தமிழகத்தில் கடை வைத்திருந்த மலையாளிகளும்தான் அஞ்சி வாழ நேர்ந்தது.

ஆனால் 'வந்து போகும்' என்ற சொல் மட்டும் இன்னும் விவாதத்துக்குரியது. வந்தவர்கள் போகவில்லை. ஐந்தாறு தலைமுறைகளாக அந்த மண்ணிலேயே பிறந்து அந்த மண்ணிலேயே புதைகிறார்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், பண்ணைப்புரத்திலிருந்து மலையேறி வந்த பாவலர் வரதராசன் தமிழில் பாடித் திரட்டிய தொழிலாளர்கள், ரோசம்மா புன்னூசை வெற்றி பெறச் செய்து கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசுக்குத் தோள் கொடுத்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. வந்து போகிறவர்களின் வரலாறு இதுவன்று. அவர்கள் கேரளத்தின் மக்கள்.

பெயர் மாற்றத்தின் இரு வழிகள்

பெயரை மீட்கும் உரிமையை இடதுசாரிகள் என்றும் ஆதரித்தே வந்துள்ளனர். 'தமிழ்நாடு' என்னும் பெயரும் கோரிக்கைகளுள் ஒன்றாக விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். 1960களின் தொடக்கத்தில் அப்பெயருக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் பூபேஷ் குப்தா. அவர் தமிழரல்லர், வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட். அம்மசோதா தோற்கடிக்கப்பட்டது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் இயற்ற, 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ஓர் இனத்தின் பெயருரிமைக்கு மற்றோர் இனத்தவர் குரல் கொடுக்கும் இந்த மரபே கேரளத்தின் கோரிக்கையை ஆதரிக்கும்போதும் வழிகாட்ட வேண்டும்.

இதற்கு எதிரான வழியையும் நாடு பார்த்துவிட்டது. 2023 செப்டம்பரில் ஜி-20 விருந்து அழைப்பிதழில் 'பாரதத்தின் குடியரசுத் தலைவர்' என்று அச்சிடப்பட்டதும், இந்தியா என்பது அடிமைத்தனத்தின் பெயர் என்ற கூச்சல் எழுப்பப்பட்டது. சிந்து என்னும் ஆற்றின் பெயர் பாரசீகர் வாயில் ஹிந்து ஆகி, கிரேக்கர் வாயில் இந்தோஸ் ஆகிப் பிறந்தது இந்தியா. ஆங்கிலேயர் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது வழங்கியது. பாரதம் என்ற பெயரும் பழையது. காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டிலேயே அது உண்டு. அரசமைப்புச் சபை 1949 செப்டம்பர் 18 அன்று முதல் பிரிவை ஏற்றபோது இரண்டையும் சேர்த்தே வைத்தது. ஒன்றை வைத்து மற்றொன்றை அடிப்பவர்களுக்குப் பெயரின் வரலாற்றில் அக்கறை இல்லை. பெயருக்கு வெளியே யாரை நிறுத்துவது என்பதிலேயே அக்கறை.

பெயர் மாறியும் மக்கள் வெளியே நின்ற கொடுமை இலங்கையில் நடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1972 மே 22 அன்று சிலோன் என்னும் காலனியப் பெயர் நீங்கி ஸ்ரீலங்கா பிறந்தது. அதே அரசமைப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிப்படுத்திப் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அதை உருவாக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா ஓர் இடதுசாரித் தலைவர். ஒரே மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்தவரும் அவரே. காலனியப் பெயரை அகற்றுவது ஒரு பாதி வேலை. மறுபாதியை மறந்தால் இடதுசாரியின் கையாலேயே அநீதி எழுதப்படும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை. மறுபுறம், 1984 ஆகஸ்டில் மேல் வோல்டா என்னும் பிரெஞ்சுப் பெயரை நீக்கிய தாமஸ் சங்கராவின் அரசு, மோரே மொழியிலிருந்து 'புர்கினா', தியூலா மொழியிலிருந்து 'ஃபாசோ' என எடுத்து நாட்டுக்குப் பெயரிட்டது. குடிமக்களைக் குறிக்கும் 'புர்கினாபே' என்ற சொல்லின் விகுதியை ஃபுல்ஃபுல்டே மொழியிலிருந்து எடுத்தது. நாட்டின் பெயரை உச்சரிக்கும்போதே மூன்று மொழியினர் அதில் தம்மைக் கேட்டார்கள்.

பெயர் நிறைவு பெற

கேரளம் என்னும் பெயர் நிறைவு பெற வேண்டுமானால் எல்லைப்புறத் தமிழர் அதில் தம்மைக் கேட்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யும் 350அ பிரிவு, 1956இன் ஏழாம் திருத்தத்தால், மொழிவழி மாநிலங்களோடு ஒருசேரப் பிறந்தது. 1969இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. ஏட்டில் இருக்கும் இவ்வுரிமைகள் கிராம அலுவலகத்தின் மேசைக்கு வந்து சேர வேண்டும். மூணாற்றிலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஒரு தொழிலாளி தமிழில் எழுதிய மனுவைக் கொடுத்தால் தமிழிலேயே மறுமொழி வர வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழ் அறிந்த ஆசிரியர் இருக்க வேண்டும், பாடநூல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஊர்ப் பலகைகளில் அந்த ஊர் தமிழிலும் எழுதப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு பெறும் நாளில் லயத்தைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளிக்குச் சொந்த மண்ணும் வீடும் வேண்டும். 1970இல் சமவெளியில் நடந்தது மலையிலும் நடக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தமிழர் மட்டும் எழுப்பும்போது அவை இனப்பூசலாகத் திரிக்கப்படும். மலையாளம் பேசும் தோழர்கள் முன்னின்று எழுப்பும்போது அவை ஜனநாயகக் கோரிக்கைகளாகும். அதேபோல, கூடலூரிலும் கன்னியாகுமரியிலும் மலையாளம் பேசுவோருக்கும், தமிழகத்தில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோருக்கும் உள்ள இதே உரிமைகளுக்குத் தமிழகத் தோழர்கள் முதல் குரல் கொடுக்க வேண்டும். ஒரு புறம் சலுகை கேட்டு மறுபுறம் மறுப்பது வர்க்க இயக்கத்தின் வழக்கமன்று.

கிளைக் கூட்டங்களில் இப்பெயர் மாற்றம் பேசப்படும்போது, தீர்மானத்தின் வாசகத்தோடு நிறுத்தாமல், சேரர் காசு கிடைத்த கரூரையும், திருவிதாங்கோட்டையும், மூணாற்றையும் சேர்த்தே பேச வேண்டும். எந்த மொழிக்காரர் முதலில் வந்தார் என்ற கேள்விக்குப் பாலக்காட்டுக் கணவாய் விடை தராது. இருவரும் நடந்த பாதை அது. யார் இன்னும் உரிமையின்றி இருக்கிறார் என்ற கேள்விக்குத் தேயிலைக் காட்டின் ஒவ்வொரு லயமும் விடை தரும். கேரளம் என்று சட்டத்தில் எழுதப்படும் நாள் அந்த லயங்களிலும் கொண்டாடப்பட வேண்டும். அதற்கான வேலை அட்டவணையைத் திருத்தும் நாடாளுமன்றத்துக்காகக் காத்திராமல் இன்றே தொடங்கப்பட வேண்டும்.